மெதுவாகிப்போன கம்ப்யூட்டர்: கூட்டிப் பெருக்குவதா, பாகம் மாற்றுவதா, புதுசு வாங்குவதா?

பவர் பட்டனை அழுத்திவிட்டுக் குளிக்கப் போய்த் திரும்பி வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருவழியாக டெஸ்க்டாப் தெரிந்த பிறகும் எதைத் தொட்டாலும் அசைவில்லை. இந்த நிலைமையில் இருப்பவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். வேண்டாததை அழித்துப் பார்க்கலாமா? விண்டோஸை மறுபடி போடலாமா? எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாட்டினால் சரியாகுமா? இல்லை, காசைப் போட்டுப் புதுசே வாங்கிவிடலாமா?

என் பதில் கொஞ்சம் எரிச்சலூட்டும். எது மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்க்காமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

என் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தன் லேப்டாப்பில் 60 ஜிபி அழித்தாள். இரண்டு பிரதியாகக் கிடந்த கல்யாண வீடியோ, போனிலிருந்து இறக்கிய படங்கள், எதற்கென்றே நினைவில்லாத பிடிஎஃப்கள். மறுநாள் காலை ஆன் செய்தால் அதே நாலு நிமிடம். டிஸ்கில் இடம் கிடைத்திருந்தது, வேகம் கிடைக்கவில்லை. பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். டிஸ்க் நிரம்பி வழியாத வரைக்கும், சும்மா கிடக்கிற படமும் வீடியோவும் கம்ப்யூட்டரை மெதுவாக்குவதில்லை.

## முதலில் ஐந்து நிமிடச் சோதனை

ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் இல்லை, ரீஸ்டார்ட். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் மையப் பகுதி இருந்த நிலையை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே எடுத்துப் போடும். ஆகவே தினமும் ஒழுங்காக ஷட் டவுன் செய்கிறவரின் கம்ப்யூட்டர்கூட வாரக்கணக்கில் முழுதாக அணைந்திருக்காது. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்தான். சில நேரம் வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாகத் திறக்கிற மென்பொருள்களையெல்லாம் திறந்துவிட்டு அதைப் பாருங்கள்.

- டிஸ்க் பத்தியில் 100 சதவீதம், சிபியூவில் (கணக்குப் போடும் மூளையான சிப்) ஏழெட்டு சதவீதம் என்றால் டிஸ்க்தான் குற்றவாளி. 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் அந்த டிஸ்கின் பெயரோடு எச்டிடி (பழைய, சுழலும் ஹார்ட் டிஸ்க்) என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.
- மெமரி 85, 90 சதவீதத்திலேயே நின்றால் ரேம் (திறந்திருக்கும் மென்பொருள்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) போதவில்லை.
- சிபியூ உச்சத்தில் இருந்தால், எந்த மென்பொருள் தின்கிறது என்று வரிசையில் முதலாவதாக இருப்பதைப் பாருங்கள்.
- சிபியூவின் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே முடங்கிக் கிடந்தால் சூடாகவோ சார்ஜராகவோ இருக்கலாம். தூசி அடைத்து வெப்பம் ஏறினாலும், சில லேப்டாப்களில் சார்ஜரை அடையாளம் காண முடியாமல் போனாலும், சிபியூ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.
- எல்லாமே குறைவாக இருந்து, இணையப் பக்கங்கள் மட்டும் இழுத்தால் பிரச்சினை இணைப்பில். கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

கையிலிருந்து போகும் பணத்தை எல்லோரும் கணக்குப் போடுவார்கள். நம் நேரம், கோப்புகள் போய்விடும் ஆபத்து, பலன் எத்தனை நாள் நிற்கும் என்கிற மூன்றையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது, மேலே கண்டுபிடித்த அந்தத் தடையை இந்த வழி நீக்குகிறதா என்பது. நீக்கவில்லை என்றால் இலவசமாகக் கிடைத்தாலும் அது நஷ்டம்தான்.

| வழி | பணம் | நம் நேரம் | தரவு போகும் ஆபத்து | பலன் நிற்பது |
|---|---|---|---|---|
| கையால் சுத்தம் | இல்லை | ஓரிரு மணி | குறைவு, அவசரப்பட்டால் உண்டு | சில மாதம் |
| 'ஒரே கிளிக்' மென்பொருள் | சந்தா | சில நிமிடம் | நடுத்தரம் | அனேகமாக இல்லை |
| விண்டோஸ் ரீசெட் | இல்லை | முழு நாள் | அதிகம் | ஓராண்டு போல |
| எஸ்எஸ்டி, ரேம் | நடுத்தரம் | அரை நாள் | குறைவு | பல ஆண்டு |
| லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) | இல்லை | ஒரு நாள், பிறகு பழகும் காலம் | அதிகம் | பல ஆண்டு |
| புதிய கம்ப்யூட்டர் | அதிகம் | ஒன்றிரண்டு நாள் | குறைவு | வாங்குவதைப் பொறுத்தது |

## வழி 1: கையால் சுத்தம் செய்வது

இதில் உண்மையான வேகம் தருவது அழிப்பதல்ல, நிறுத்துவது. டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பக்கம் இருக்கிறது. ஆன் செய்ததும் தானாக ஓடத் தொடங்குகிற மென்பொருள்களின் பட்டியல் அது. அரட்டைச் செயலி, விளையாட்டு லாஞ்சர், வருடத்துக்கு இரண்டு முறை பிரிண்ட் எடுக்கிற பிரிண்டரின் உதவியாளர், எதையோ அப்டேட் செய்யக் காத்திருக்கும் இன்னொன்று. வலது கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுத்தால் அது நீங்கிவிடாது, கூப்பிட்டால் மட்டும் வரும். ஆடியோ, டச்பேட், ஆன்டிவைரஸ் சம்பந்தப்பட்டவற்றை விட்டுவிடுங்கள். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். ஒரே கோப்பை இரண்டு காவலர்கள் மாறி மாறிச் சோதிப்பதில் யாருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை. விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும்.

அப்புறம் பிரவுசர். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் ரேமில் ஒரு பங்கு கேட்கும். எப்போதோ ஒரு கூப்பனுக்காகச் சேர்த்தது இன்னும் உட்கார்ந்திருக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, 'சி' டிரைவில் பத்து பதினைந்து சதவீதம் காலியாக இருந்தால் போதும். அதற்குக் கீழே போனால்தான் விண்டோஸும் எஸ்எஸ்டியும் மூச்சுத் திணறும். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' பகுதிக்குப் போய் தற்காலிகக் கோப்புகளை நீக்கலாம். ஒரு பெரிய விண்டோஸ் மேம்பாட்டுக்குப் பிறகு பழைய பதிப்பு பல ஜிபிக்கு அப்படியே கிடக்கும். வழக்கமாகப் பத்து நாளில் தானாகப் போய்விடும், இல்லையென்றால் இங்கிருந்தே நீக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். கை பழக்கத்தில் எல்லாவற்றையும் டிக் செய்தால் சம்பளச் சீட்டு, சான்றிதழ், டிக்கெட் எல்லாம் போச்சு. 'ப்ரீஃபெட்ச்' ஃபோல்டரைக் காலி செய்யுங்கள் என்று சுற்றி வரும் அறிவுரையையும் கேட்க வேண்டாம். மென்பொருள்கள் சீக்கிரம் திறக்க விண்டோஸ் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகள் அவை. அழித்தால் அடுத்த சில முறை இன்னும் மெதுவாகத்தான் திறக்கும். பக்கங்களை மறுபடி இறக்காமலிருக்கப் பிரவுசர் சேமித்து வைக்கும் கேஷும் கிட்டத்தட்ட அதே கதை. டீஃப்ராக் (சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்துவது) ஹார்ட் டிஸ்குக்கு மட்டும்தான். எஸ்எஸ்டிக்கு வேண்டியதை விண்டோஸே வாரம் ஒருமுறை தானாகச் செய்துகொள்கிறது.

சிபியூ சூட்டில் முடங்குகிறது என்றால் தூசிச் சுத்தம் வேண்டும். அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்துத் தூசியை எடுங்கள். வேக்குவம் கிளீனர் வேண்டாம். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சர்க்யூட்டுக்கு ஆகாது.

இதுவே சரி, எப்போது? ஏற்கெனவே எஸ்எஸ்டி இருக்கிறது, முன்பு நன்றாக ஓடியது, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது என்றால்.

## வழி 2: 'ஒரே கிளிக்' சுத்த மென்பொருள்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: நான் போடுவதில்லை. திறந்ததும் '1,247 பிரச்சினைகள்' என்று சிவப்பில் மிரட்டும். அதில் முக்கால்வாசி குக்கீகளும் விண்டோஸின் அமைப்புகள் எழுதி வைக்கப்பட்ட ரெஜிஸ்ட்ரியில் ஓரமாகக் கிடக்கும் பழைய வரிகளும்தான். லட்சக்கணக்கான வரிகள் உள்ள ரெஜிஸ்ட்ரியில் சில நூறு வரிகளை நீக்கினால் வேகம் கூடாது. நீக்கக் கூடாத ஒன்றை நீக்கிவிட்டால் விண்டோஸ் எழாமலே போகலாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது.

2017-ல் இந்த வகையில் பிரபலமான சிசிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே தீங்குநிரலைப் புகுத்திவிட்டார்கள். அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே அது சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களுக்குப் போனது. இந்த வகை மென்பொருளுக்கு நாம் கொடுக்கிற அதிகாரம் அப்படி, எல்லாவற்றையும் தொடலாம், அழிக்கலாம். இதற்கு மேல் ஒரு கூத்து, சந்தா தீர்ந்த பிறகும் அது ஸ்டார்ட்அப் பட்டியலில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரை மெதுவாக்கும்.

இதுவே சரி, எப்போது? எனக்கு ஒரு சூழ்நிலையும் தோன்றவில்லை.

## வழி 3: விண்டோஸை ரீசெட் செய்வது

செட்டிங்ஸில் 'ரிக்கவரி' பகுதியில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. கோப்புகளை வைத்துக்கொள், எல்லாவற்றையும் நீக்கு என்று இரண்டு வகை. முதலாவதைத் தேர்ந்தெடுத்தாலும் நாம் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். எவையெல்லாம் போயின என்று ஒரு பட்டியலை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போகும் நல்ல குணம் மட்டும் அதற்கு உண்டு. 'கிளவுட் டவுன்லோட்' தேர்ந்தெடுத்தால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ரீசெட் முடிய ஒரு மணி நேரம் ஆகலாம். வேலை முடிந்தது என்று நினைத்தால் அப்போதுதான் ஆரம்பம். அப்டேட்கள், பிரிண்டர் டிரைவர், ஸ்கேனர், ஆபீஸ் தொகுப்பின் லைசென்ஸ். தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு விசைப்பலகை அமைப்பு மறுபடி. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. எழுத்துரு போனபின் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். எழுத்துருக் கோப்பை முன்கூட்டியே ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தால் பயமில்லை.

டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். அதற்கு மீட்புச் சாவி என்று 48 இலக்க எண் ஒன்று உண்டு. டிஸ்க் பூட்டப்பட்டிருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் புதிய லேப்டாப்கள் பலவற்றில் அது தானாகவே இயங்கிவிடுகிறது. ரீசெட்டுக்கு முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் கணக்கோடு ஒத்திசைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இதுவே சரி, எப்போது? வைரஸ் புகுந்துவிட்டது, தேவையில்லாத விளம்பரங்கள் குதிக்கின்றன, ஏதோ ஒரு மென்பொருளை நீக்கவே முடியவில்லை, அல்லது கம்ப்யூட்டர் வேறொருவர் கைக்குப் போகப் போகிறது என்றால். டிஸ்க் எச்டிடியாக இருந்தால் ரீசெட் முதல் பத்து நாள் மட்டும் சந்தோஷம் தரும்.

## வழி 4: எஸ்எஸ்டியும் ரேமும்

டிஸ்க் 100 சதவீதம் காட்டிய எல்லோருக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி விநாடி. கேட்ட தகவல் இருக்கும் இடம் தலைக்கு நேராகச் சுழன்று வர வேண்டும், அதற்கு முன் அந்தத் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும். இரண்டும் சேர்ந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய துண்டுகளை விநாடிக்கு நூறு கூட அதனால் எடுக்க முடியாது. விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள். காதை வைத்துக் கேட்டால் உள்ளே கறக் கறக் என்று தலை அலைவது கேட்கும். எஸ்எஸ்டியில் சுழல்வதும் நகர்வதும் இல்லை. சாட்டா என்கிற பழைய இணைப்பு வகையில் வரும் சாதாரண எஸ்எஸ்டியே இந்தத் துண்டுகளை விநாடிக்குப் பல்லாயிரம் எடுக்கும். தொடர்ச்சியாகப் படிக்கும் வேகத்தைப் பார்த்தாலும், ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பியை ஒட்டி நிற்க, சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். என்விஎம்இ என்கிற புதிய, வேகமான வகை 3,000-ஐயும் தாண்டும். ஆனால் பழைய கம்ப்யூட்டரில் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் உள்ள வித்தியாசம் அன்றாட வேலையில் அவ்வளவாகத் தெரியாது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அக்காவின் லேப்டாப்பை நான் திறந்தபோது பின்மூடியில் பத்துத் திருகுகளைக் கழற்றிய பிறகும் ஒரு மூலை மட்டும் எழும்பவில்லை. கொஞ்சம் அழுத்தியிருந்தால் உடைந்திருக்கும். பின்பக்க ரப்பர் காலை நகத்தால் நெம்பிப் பார்த்தால் அதன் அடியில் பதினோராவது திருகு. உள்ளே போனதும் முதல் வேலை, பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பிறகு இரண்டரை அங்குல டிஸ்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் எஸ்எஸ்டி. பழையதில் இருந்ததை அப்படியே பிரதி எடுக்க, முதல் நாள் இரவே யூஎஸ்பி கேபிளில் எஸ்எஸ்டியை மாட்டி, க்ளோன்ஜில்லா என்கிற இலவச மென்பொருளை ஓடவிட்டிருந்தேன். இதில் எது மூலம், எது இலக்கு என்று மாற்றிச் சொல்லிவிட்டால் வெறும் டிஸ்கைப் பழையதின் மேல் எழுதிவிடும். நான் மூன்று முறை படித்துப் பார்த்துத்தான் எண்டர் தட்டினேன். மறுநாள் நாலு நிமிடம் இருபது விநாடியானது. அழித்த 60 ஜிபிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

கவனிக்க வேண்டியவை சில. எம்.2 என்கிற நீள் துண்டு வடிவ ஸ்லாட் இருந்தால் அது சாட்டாவா, என்விஎம்இயா என்று மாடலின் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் பல ஸ்லாட்களில் ஒன்றுக்குப் பதில் மற்றது ஓடாது. மூடியைத் திறந்தால் வாரன்டி போகுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டாலோ, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் மஞ்சளோ சிவப்போ காட்டினாலோ பிரதி எடுப்பதும் வேண்டாம், சுத்தமும் வேண்டாம். முக்கியமான கோப்புகளை உடனே வெளியே எடுங்கள். அந்த டிஸ்க் இன்னும் எத்தனை முறை எழும் என்று சொல்ல முடியாது.

ரேம் கதை சிறியது. 4 ஜிபி இருந்து மெமரி பத்தி நிரம்பி வழிந்தால் 8 ஆக்குவது நன்றாகத் தெரியும். ஏற்கெனவே 16 இருந்து பாதிகூட நிரம்பாதவர் 32 ஆக்கினால் ஒன்றும் தெரியாது. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று இருக்கும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்கிற ரேம் வகைகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை.

இதுவே சரி, எப்போது? டிஸ்க் எச்டிடி, மற்றபடி திரை, கீபோர்டு, பேட்டரி எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால். பணத்துக்கு இவ்வளவு பலன் தரும் வழி இந்தப் பட்டியலில் வேறில்லை.

## வழி 5: லினக்ஸுக்கு மாறுவது

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை சிபியூவிலிருந்துதான் ஏற்கிறது. அதற்கு முந்தைய, ஆனால் நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டர்கள் இதனால் அந்தரத்தில் நிற்கின்றன. அவற்றுக்கு லினக்ஸ் மின்ட் போன்றவை நல்ல வழி. அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ரேமில் வசதியாக ஓடும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று எதையும் அழிக்காமலே பார்த்துவிட முடியும்.

விலை பணத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், குழந்தையின் விளையாட்டு, இவற்றில் ஒன்று ஓடவில்லை என்றாலும் வீட்டில் நமக்குத்தான் திட்டு விழும். டிஸ்க் எச்டிடி என்றால் லினக்ஸ் போட்டாலும் எஸ்எஸ்டி தேவைப்படும்.

இதுவே சரி, எப்போது? பிரவுசர், மின்னஞ்சல், வீடியோ, எழுத்து வேலை, இவ்வளவுதான் என்றால்.

## வழி 6: புதுசு வாங்குவது

டிஸ்கும் ரேமும் சரியாக இருந்து, சிபியூவே ஒவ்வொரு வேலைக்கும் உச்சத்தில் நின்றால் செலவைத் தவிர்க்க முடியாது. கீல் உடைந்து, பேட்டரி உப்பி, திரையில் கோடு விழுந்து என்று மூன்று பழுது ஒன்றாக வந்தாலும் அப்படித்தான். உப்பிய பேட்டரியோடு மட்டும் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.

புதுசு என்றாலே வேகம் என்று நம்பி ஏமாறுவதுதான் இந்த வழியில் உள்ள பெரிய பள்ளம். மலிவு மாடல்களில் 4 ஜிபி ரேம் பற்றவைத்து, எஸ்எஸ்டிக்குப் பதில் அதைவிட மெதுவான இஎம்எம்சி சேமிப்பு வைத்து விற்கிறார்கள். எஸ்எஸ்டி மாட்டிய பழைய கம்ப்யூட்டர் அதை ஓட்டத்தில் தோற்கடிக்கும். குறைந்தது 8 ஜிபி ரேம், முடிந்தால் 16. பிற்பாடு கூட்ட ஸ்லாட் இருக்கிறதா, டிஸ்க் என்விஎம்இ வகையா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெட்டியைப் பிரித்ததும் ஸ்டார்ட்அப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சோதனைக்கால ஆன்டிவைரஸில் தொடங்கி நாலைந்து பேர் ஏற்கெனவே குடியேறியிருப்பார்கள்.

பழையதைக் கொடுத்துவிடப் போகிறீர்கள் என்றால் ரீசெட்டில் 'எல்லாவற்றையும் நீக்கு' வகையையும், அதன் உள்ளே டிரைவைத் துடைக்கும் விருப்பத்தையும் தேர்ந்தெடுங்கள். சும்மா டெலீட் செய்ததை மீட்டெடுக்க இலவச மென்பொருள்களே இருக்கின்றன. அல்லது டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் பழைய ஹார்ட் டிஸ்க் சோதித்தபோது ஆரோக்கியமாகத்தான் இருந்தது, மெதுவாக இருந்தது மட்டுமே அதன் குறை. ஒரு யூஎஸ்பி உறையில் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கல்யாண வீடியோவின் மிச்சமிருந்த ஒரே பிரதிக்கு இப்போது அதில் இன்னொரு பிரதி இருக்கிறது.